சங்கர் பாலசுப்பிரமணியன்

சர் சங்கர் பாலசுப்பிரமணியன் (பிறப்பு: செப்டம்பர் 30, 1966) சென்னையில் பிறந்த பிரித்தானிய வேதியியலாளர் ஆவார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துவரும் இவர், டேவிட் கிளெனர்மன் என்னும் வேதியியலாளருடன் இணைந்து, டி.என்.ஏ மூலக்கூற்றில் உள்ள மரபுச் செய்தியை மிக விரைவாகவும் குறைந்த செலவிலும் படித்தறியும் முறையொன்றை உருவாக்கினார். இம்முறை சொலெக்சா முறை என்றும், பின்னர் இல்லுமினா முறை என்றும் அழைக்கப்பட்டது. ஒரு மனிதரின் மரபணுத்தொகுதி முழுவதையும் படிக்கப் பல ஆண்டுகளும் பல கோடி டாலர்களும் தேவைப்பட்ட நிலை மாறி, அது மருத்துவமனைச் சோதனைகளுள் ஒன்றாக ஆனதற்கு இம்முறையே முதன்மையான காரணமாகும். நோயாளியின் மரபணுக்களுக்கு ஏற்ப நோயறிதலையும் மருந்தையும் தேர்ந்தெடுக்கும் துல்லிய மருத்துவம் பெரும்பாலும் இத்தகைய வரிசைப்படுத்தல் முறைகளையே நம்பியுள்ளது.

இளமையும் கல்வியும்

பாலசுப்பிரமணியன் 1966 ஆம் ஆண்டு அன்றைய மதராசில் பிறந்தார். 1967 ஆம் ஆண்டில் பெற்றோருடன் இங்கிலாந்துக்குச் சென்றார். செசயர் மாவட்டத்தில் ரன்கார்ன் நகரை அடுத்த ஊர்ப்புறத்தில் வளர்ந்த இவர், டேர்சுபரி தொடக்கப் பள்ளியிலும் ஆப்பிள்டன் ஹால் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். பின்னர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் பிட்சுவில்லியம் கல்லூரியில் சேர்ந்து 1985 முதல் 1988 வரை இயற்கை அறிவியல் பயின்று பட்டம் பெற்றார்.

அதே பல்கலைக்கழகத்தில் கிறிசு ஏபெல் என்பவரின் வழிகாட்டலில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டார். கோரிசுமேட்டு சிந்தேசு என்னும் நொதி எவ்வாறு வேலை செய்கிறது என்பதே ஆய்வுப் பொருளாகும். 1991 இல் ஆய்வை முடித்த பின்னர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நொதியியல் அறிஞர் இசுட்டீபன் பென்கோவிக்கின் ஆய்வுக்குழுவில் 1993 வரை பணியாற்றினார்.

கல்விப்பணி

1994 இல் கேம்பிரிட்ச் திரும்பிய இவர் வேதியியல் துறையில் தமது சொந்த ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். 2007 இல் வேதி உயிரியல் பேராசிரியராகவும், 2008 இல் மருந்து வேதியியலுக்கான ஹெர்ச்செல் சுமித் பேராசிரியராகவும் அமர்த்தப்பட்டார். கேம்பிரிட்சிலுள்ள பிரித்தானியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்திலும் இவர் ஆய்வுக்குழு ஒன்றை நடத்தி வந்துள்ளார். டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் இருந்து வந்துள்ளார்.

டி.என்.ஏ வரிசைப்படுத்தல்

பின்னணி

உயிர்களின் மரபுச் செய்தி டி.என்.ஏ மூலக்கூற்றில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களின் வரிசையாக எழுதப்பட்டுள்ளது. இந்நான்கையும் நான்கு எழுத்துகள் எனக் கொண்டால், மனித மரபணுத்தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூல் ஆகும். அவ்வெழுத்துகளின் வரிசையைக் கண்டறிவதே டி.என்.ஏ வரிசைப்படுத்தல் எனப்படுகிறது.

இதற்கான நம்பகமான முறையை 1977 இல் பிரெடரிக் சேங்கர் கேம்பிரிட்சில் உருவாக்கினார். 1990 இல் தொடங்கிய பன்னாட்டு மனித மரபணுத்தொகுதித் திட்டம் சேங்கர் முறையையே கையாண்டது. 2003 இல் நிறைவுபெற்ற அத்திட்டத்திற்கு ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டாலர் செலவானது. சேங்கர் முறை மிகத் துல்லியமானது. எனினும் ஒரே நேரத்தில் சில நூறு துண்டுகளை மட்டுமே படிக்க முடிந்ததால், தனி நோயாளி ஒருவரின் மரபணுத்தொகுதி முழுவதையும் அதனைக் கொண்டு படிப்பது நடைமுறையில் இயலாததாக இருந்தது.

சொலெக்சா முறையின் தோற்றம்

பாலசுப்பிரமணியனும் கிளெனர்மனும் முதலில் வரிசைப்படுத்தும் கருவியை உருவாக்க முற்படவில்லை. டி.என்.ஏ பாலிமரேசு என்னும் நொதி டி.என்.ஏ இழையைப் படியெடுக்கும்போது, அது ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ப்பதை ஒற்றை மூலக்கூறு அளவில் நேரடியாகக் காண்பதே அவர்களது நோக்கமாக இருந்தது. எழுத்துகளுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, சீரொளி பாய்ச்சி அவற்றைப் பார்க்க அவர்கள் முயன்றனர். பாலசுப்பிரமணியன் நொதிகளின் வேதியியலையும், கிளெனர்மன் சீரொளியைக் கொண்டு மூலக்கூறுகளை அளக்கும் இயல் வேதியியலையும் அறிந்தவர்களாதலின் இவ்வாய்வு இருவரையும் ஒன்றுசேர்த்தது.

1997 ஆம் ஆண்டுக் கோடையில் இருவரும் தமது ஆய்வாளர்களான மார்க் ஆசுபர்ன், காலின் பார்ன்சு ஆகியோருடன் கேம்பிரிட்சில் வேதியியல் துறைக்கு அருகிலுள்ள பாண்டன் ஆர்ம்சு என்னும் விடுதியில் கூடி உரையாடினர். நொதி சேர்க்கும் எழுத்து எது என்பதை நிறத்தால் அறிய முடியுமானால், அதுவே வரிசைப்படுத்தும் முறையாகவும் அமையும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். மேலும், கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் கோடிக்கணக்கான டி.என்.ஏ துண்டுகளைப் பொருத்தினால் அவை அனைத்தையும் ஒரே நேரத்தில் படிக்கலாம். இக்கருத்தின் அடிப்படையில் 1998 இல் சொலெக்சா என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது.

செயற்படும் விதம்

இம்முறை செயற்கைத் தொகுப்பு வழி வரிசைப்படுத்தல் எனப்படும் வகையைச் சேர்ந்தது. அதன் படிநிலைகள் வருமாறு:

1. படிக்கவேண்டிய டி.என்.ஏ சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் வரிசை முன்னரே அறியப்பட்ட குறுந்துண்டுகள் ஒட்டப்படுகின்றன.
2. இத்துண்டுகள் கண்ணாடித் தகட்டின்மேல் பொருத்தப்படுகின்றன. ஒவ்வொன்றும் அதே இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் படிகளாகப் பெருக்கப்பட்டு ஒரு கொத்தாக மாறுகிறது. ஒரே துண்டின் பல படிகள் ஒன்றாக ஒளிர்வதால் ஒளி வலுவாகத் தெரிகிறது.
3. நான்கு எழுத்துகளும் பாலிமரேசு நொதியும் தகட்டின்மேல் செலுத்தப்படுகின்றன. ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய நிறமுடைய ஒளிரும் சாயத்தையும், அடுத்த எழுத்து சேராதவாறு தடுக்கும் வேதித் தடை ஒன்றையும் தாங்கியிருக்கும். எனவே ஒவ்வொரு துண்டிலும் ஓர் எழுத்து மட்டுமே சேரும்.
4. தகடு படம் பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு கொத்தின் நிறமும் அங்கு சேர்ந்த எழுத்து எது என்பதைக் காட்டுகிறது.
5. சாயமும் தடையும் வேதிவினையால் நீக்கப்பட்டு, அடுத்த எழுத்தைச் சேர்ப்பதற்கான சுழற்சி தொடங்குகிறது.

தடையை வைக்கவும் நொதிக்குத் தீங்கில்லாமல் நீக்கவும் முடிவதே இம்முறையின் அடிப்படை ஆகும். சேங்கர் முறையிலும் இழையின் வளர்ச்சி தடுக்கப்படுகிறது. ஆனால் அதில் தடுக்கப்பட்ட இழை மீண்டும் வளர்வதில்லை. சொலெக்சா முறையில் தடை தற்காலிகமானது என்பதால் ஒரே இழையைத் தொடர்ந்து படிக்க முடிகிறது.

இவ்வாறு கிடைக்கும் வரிசைகள் மிகக் குறுகியவை. தொடக்கக் காலத்தில் ஒரு துண்டில் ஏறத்தாழ 35 எழுத்துகளே படிக்கப்பட்டன. மனித மரபணுத்தொகுதித் திட்டம் வெளியிட்ட மேற்கோள் வரிசையுடன் கணினி மூலம் ஒப்பிட்டு, ஒவ்வொரு துண்டும் எவ்விடத்தைச் சேர்ந்தது என்பது கண்டறியப்படுகிறது. தவறுகளைக் களைவதற்காக ஒவ்வோர் இடமும் பொதுவாக 30 முறை அளவில் படிக்கப்படுகிறது. ஆகவே புதிய முறை பழைய திட்டத்தின் பயனைத் தள்ளிவிடவில்லை. அதன்மேல் எழுந்தது எனலாம்.

துண்டுகளைக் கண்ணாடித் தகட்டிலேயே கொத்துகளாகப் பெருக்கும் நுட்பம் பிரெஞ்சு அறிவியலாளர் பாசுகல் மேயரும் அவருடன் பணியாற்றியவர்களும் சுவிட்சர்லாந்தில் தனியே உருவாக்கியதாகும். இந்நுட்பத்தைச் சொலெக்சா நிறுவனம் 2004 இல் பெற்றுக்கொண்டது. ஒற்றை மூலக்கூற்றைப் பார்க்கும் முதல் திட்டம் இதன்பின் கொத்துகளைப் பார்க்கும் திட்டமாக மாறியது.

கருவியும் வணிகமும்

2005 இல் பை எக்சு 174 என்னும் வைரசின் மரபணுத்தொகுதி சொலெக்சா முறையில் முழுமையாகப் படிக்கப்பட்டது. 5,386 எழுத்துகள் கொண்ட இவ்வைரசின் வரிசையே 1977 இல் சேங்கர் குழுவினர் முதன்முதலில் படித்த டி.என்.ஏ மரபணுத்தொகுதி என்பது குறிப்பிடத்தக்கது. 2006 இல் விற்பனைக்கு வந்த முதற்கருவி ஒரே ஓட்டத்தில் 100 கோடி எழுத்துகளைப் படிக்கக்கூடியதாக இருந்தது. 2007 இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லுமினா நிறுவனம் சொலெக்சாவை ஏறத்தாழ 60 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது.

2008 இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான கட்டுரையில், நைசீரியாவின் இபதான் நகரைச் சேர்ந்த யொருபா இன ஆண் ஒருவரின் மரபணுத்தொகுதி முழுவதும் இம்முறையில் படிக்கப்பட்டமை விளக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 40 இலட்சம் ஒற்றை எழுத்து வேறுபாடுகள் கண்டறியப்பட்டன. பின்வந்த கருவிகளால் செலவு தொடர்ந்து குறைந்தது. ஒரு மனித மரபணுத்தொகுதியை 1,000 டாலரில் படிக்கலாம் என்னும் அறிவிப்பு 2014 இலும், 200 டாலரில் படிக்கலாம் என்னும் அறிவிப்பு 2022 இலும் இல்லுமினா நிறுவனத்தால் வெளியிடப்பட்டன.

துல்லிய மருத்துவத்தில் பயன்பாடு

ஒரே பெயருடைய நோய் எல்லாருக்கும் ஒரே காரணத்தால் வருவதில்லை. ஒரே மருந்து எல்லாருக்கும் ஒரே அளவில் பயன்தருவதுமில்லை. இவ்வேறுபாடுகளுள் பல மரபணுக்களில் உள்ளன. அவற்றை நோயாளியிடத்திலேயே படித்தறிந்து மருத்துவம் செய்வதே துல்லிய மருத்துவம் எனப்படுகிறது. வரிசைப்படுத்தலின் செலவு குறைந்ததால் இக்கருத்து நடைமுறைக்கு வந்த துறைகளுள் சில பின்வருமாறு.

புற்றுநோய்

புற்றுநோய் என்பது உயிரணுக்களின் டி.என்.ஏவில் ஏற்படும் மாற்றங்களால் விளைவது. 2008 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தினர், தீவிர இரத்தப் புற்றுநோய் கொண்ட பெண் ஒருவரின் புற்றணுக்களையும் இயல்பான தோல் அணுக்களையும் சொலெக்சா முறையில் முழுமையாகப் படித்து ஒப்பிட்டனர். புற்றணுக்களில் மட்டும் காணப்பட்ட மரபணு மாற்றங்கள் பத்து எனக் கண்டனர். அவற்றுள் எட்டு அதற்குமுன் அந்நோயுடன் தொடர்புபடுத்தப்படாதவை. ஒரு புற்றுநோயாளியின் மரபணுத்தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டது இதுவே முதன்முறை. இன்று நுரையீரல், மார்பகம், சூலகம் முதலிய உறுப்புகளின் புற்றுநோய்களில் எந்த மாற்றம் உள்ளது என்று பார்த்து, அதற்கென உருவாக்கப்பட்ட மருந்தைத் தேர்வு செய்யும் வழக்கம் ஏற்பட்டுள்ளது.

அரிய நோய்கள்

அரிய மரபு நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் பெற்றோர், நோயின் பெயரே தெரியாமல் பல ஆண்டுகள் மருத்துவமனைகளுக்கு அலைவதுண்டு. மரபணுத்தொகுதி முழுவதையும் ஒருமுறை படிப்பதால், மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் தேவை குறைகிறது. பிரித்தானிய அரசு 2012 இல் அறிவித்த 1,00,000 மரபணுத்தொகுதித் திட்டம் இல்லுமினா முறையைப் பயன்படுத்தியது. 2018 டிசம்பரில் இலக்கு எட்டப்பட்டது. இத்திட்டத்தின் முன்னோட்டமாக 2,183 குடும்பங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2021 இல் வெளியாயின. அரிய நோயுடையோருள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நோய்க்கான மரபணுக் காரணம் கண்டறியப்பட்டது. எஞ்சிய மூவருக்கும் விடை கிடைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

மகப்பேற்றுக்கு முந்தைய சோதனை

கருவின் டி.என்.ஏ சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் என்பதை டென்னிசு லோ என்பவர் 1997 இல் கண்டறிந்தார். அதனைப் படித்து டவுன் நோய்த்தொகுப்பை அறியலாம் என்பதை 2008 இல் ஆங்காங்கிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் இம்முறையைக் கொண்டு காட்டின. கருப்பையில் ஊசி செலுத்தும் சோதனைகள் பலருக்குத் தேவையற்றுப் போயின. இச்சோதனையால் கருவின் பாலையும் அறிய முடியும். ஆயினும் இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதனை அறிவது குற்றமாகும்.

தொற்றுநோய்கள்

2020 சனவரியில் வெளியிடப்பட்ட கொரோனா வைரசின் முதல் மரபணு வரிசை, சீன அறிவியலாளர்களால் இல்லுமினா கருவியின் துணையுடன் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட அவ்வரிசையை அடிப்படையாகக் கொண்டே நோய்ச் சோதனைகளும் தடுப்பூசிகளும் வடிவமைக்கப்பட்டன.

பிற ஆய்வுகள்

நான்கிழை டி.என்.ஏ

வாட்சனும் கிரிக்கும் 1953 இல் கேம்பிரிட்சில் விளக்கிய டி.என்.ஏ இரட்டைச் சுருள் வடிவம் கொண்டது. குவானின் எழுத்து மிகுந்துள்ள இடங்களில் டி.என்.ஏ நான்கிழை முடிச்சாகவும் மடியக்கூடும் என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் அறியப்பட்டிருந்தது. மனித உயிரணுக்களுக்குள்ளும் இவ்வடிவம் உண்டு என்பதை, அதனுடன் மட்டும் ஒட்டும் எதிர்ப்புரதம் ஒன்றை உருவாக்கி, பாலசுப்பிரமணியனின் குழுவினர் 2013 இல் காட்டினர். மனித மரபணுத்தொகுதியில் நான்கிழை மடிப்பு உருவாகக்கூடிய இடங்கள் 7,00,000க்கும் மேற்பட்டவை என 2015 இல் அவர்கள் வெளியிட்டனர். உயிரணுவுக்குள் ஏறத்தாழ 10,000 இடங்களிலேயே இம்மடிப்பு காணப்படுவதாகவும், அவை பெரும்பாலும் மும்முரமாகச் செயற்படும் மரபணுக்களை ஒட்டியே அமைவதாகவும் 2016 இல் தெரிவித்தனர். புற்றணுக்களில் இவ்வடிவம் மிகுதியாகத் தோன்றுவதால், இதனுடன் பிணையும் மூலக்கூறுகளைப் புற்றுநோய் மருந்தாக்க இயலுமா என்பது ஆராயப்பட்டு வருகிறது.

டி.என்.ஏவின் வேதிக்குறிகள்

உடலின் எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ வரிசை பெரும்பாலும் ஒன்றே. எனினும் மூளை அணுவும் கல்லீரல் அணுவும் வேறுபடுகின்றன. சைட்டோசின் எழுத்தின்மேல் மீத்தைல் முதலிய சிறு வேதிக்குறிகள் ஏறுவது இதற்குரிய காரணங்களுள் ஒன்று. பழைய முறைகளால் பிரித்தறிய முடியாதிருந்த இரு குறிகளை ஓர் எழுத்தளவுத் துல்லியத்துடன் வேறுபடுத்திப் படிக்கும் முறையை இவரது குழு 2012 இல் வெளியிட்டது. அதே ஆண்டில் கேம்பிரிட்சு எபிசெனடிக்சு என்னும் இரண்டாவது நிறுவனத்தை இவர் இணைந்து நிறுவினார். 2023 இல் அதன் பெயர் பயோமோடல் என மாற்றப்பட்டது.

முறையின் வரம்புகள்

இம்முறை குறுந்துண்டுகளையே படிப்பதால், ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவது போன்ற டி.என்.ஏ பகுதிகளில் துண்டுகளின் இடத்தை உறுதிசெய்ய இயலாது. இக்காரணத்தால் நீளமான துண்டுகளைப் படிக்கும் வேறு முறைகளும் தோன்றின. மனித மரபணுத்தொகுதியில் படிக்கப்படாமல் எஞ்சியிருந்த ஏறத்தாழ 8 விழுக்காடு அத்தகைய முறைகளின் துணையுடன் 2022 இல் நிறைவு செய்யப்பட்டது.

எழுத்துகளைப் படிப்பதும் அவற்றின் பொருளை அறிவதும் ஒன்றல்ல. ஒருவரின் மரபணுத்தொகுதியில் காணப்படும் இலட்சக்கணக்கான வேறுபாடுகளுள் எது நோய்க்குக் காரணம், எது தீங்கற்றது என்பதை முடிவு செய்ய, அவர் சார்ந்த மக்களிடையே அவ்வேறுபாடு எவ்வளவு பரவியுள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். இதுவரை சேர்ந்துள்ள தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழித்தோன்றல்களுடையது. ஆகவே துல்லிய மருத்துவத்தின் துல்லியம் எல்லா மக்களுக்கும் ஒன்றாக இல்லை.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

உள்நாட்டுத் தரவின் தேவையை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டுகிறது. இதயத்தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இதயத்தசை நோய்க்கான வாய்ப்பை உயர்த்துகிறது எனப் பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்து உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராசு முதலியோர் 2009 இல் வெளியிட்டனர். இம்மாற்றம் தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ளது, ஐரோப்பியரிடம் காணப்படுவதில்லை. ஐரோப்பியரின் தரவை மட்டும் கொண்டு இதனை அறிந்திருக்க முடியாது.

இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2020 இல் தொடங்கிய இந்திய மரபணுத்தொகுதித் திட்டத்தின் கீழ், 80க்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் மரபணுத்தொகுதிகள் படிக்கப்பட்டு, அத்தரவு 2025 சனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பரில் சென்னையில் தனக்கெனக் கொரோனா வைரசு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றைத் திறந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட புற்றுநோய் மரபணுத் தரவுத்தளம், இந்திய மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரிடமிருந்து பெறப்பட்ட மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது.

விருதுகளும் சிறப்புகளும்

* 2009 – அரச கழகத்தின் முல்லார்ட் விருது
* 2010 – பிரித்தானிய உயிரியல் ஆய்வு மன்றத்தின் ஆண்டின் சிறந்த புத்தாக்கர் விருது
* 2011 – மருத்துவ அறிவியல் கழக உறுப்பினர்
* 2012 – இலண்டன் அரச கழக உறுப்பினர்
* 2017 – அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் ஆற்றிய பணிக்காகச் சர் பட்டம்
* 2018 – அரச கழகத்தின் ராயல் பதக்கம்
* 2020 – பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு (கிளெனர்மனுடன், 2021 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது)
* 2022 – உயிர் அறிவியலுக்கான பிரேக்துரூ பரிசு (கிளெனர்மன், பாசுகல் மேயர் ஆகியோருடன்)

இவற்றையும் பார்க்கவும்

* டி.என்.ஏ
* பிரெடரிக் சேங்கர்
* மனித மரபணுத்தொகுதித் திட்டம்
* துல்லிய மருத்துவம்